மலைப் புகையும் வீட்டுப் புகையும்

அன்றைக்குக் காலையில் மாடியில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். மேற்கே மலையைக் காணவில்லை.

சங்கரன்கோவிலில் எங்கள் வீடு ஊரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. மாடியில் நின்றால் சிவகிரி, வாசுதேவநல்லூர்ப் பக்கத்து மலை வரிசை நீலமாகத் தெரியும். கிழக்கே சூரியனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி மலையையும் ஒரு கும்பிடு போடுவது என் வழக்கம். அன்று மலை இருக்கிற இடத்தில் அழுக்கு வேட்டியை விரித்துப் போட்டதுபோல ஒரு மங்கல். துளசி இலைமேல் சாம்பல் பொடி. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். காகிதம் எரிந்த சாம்பல் மாதிரி ஒன்றுமில்லாமல் போயிற்று.

மலையில் தீப் பிடித்திருக்கிறது என்று முந்தின நாளே வாசுதேவநல்லூரிலிருந்து வந்த ஒரு நூல் வியாபாரி சொல்லியிருந்தார். கோடையில் புல் காய்ந்தால் எங்காவது ஒரு சரிவு எரியத்தான் செய்யும். வனத்துறை ஆட்கள் ஏறி அணைப்பார்கள். அடிவாரத்து ஜனங்களுக்குக் கஷ்டம் என்று டீக்கடையில் பேசிவிட்டு நாங்கள் எங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். இந்த வருஷம் காற்று எங்கள் பக்கமாகத் திரும்பிவிட்டது.

எனக்கு உடனே என் மனைவியின் நெஞ்சு நினைவுக்கு வந்தது. அவளுக்கு இளைப்பு உண்டு. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து எங்கள் தறிக்கூடத்தில் நூல் சுற்றியவள். பறக்கிற பஞ்சுத்தூசியெல்லாம் அவளுக்குள் போய்த்தான் இப்படி ஆயிற்று என்று டாக்டர் ஒருவர் சொல்லி, தறிப்பக்கமே போகாமல் நிறுத்தினோம். அதற்குப் பிறகு பனிக்காலத்தில்தான் கொஞ்சம் படுத்தும். வாயில் வைத்து இழுக்கிற மருந்து ஒன்று அவள் தலையணைக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும். போன மாசியில் ஒரு தடவை அது கேட்காமல் போய், உதடு நிறம் மாறி, ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டாள். இன்னொரு தடவை அப்படி வரவிடக் கூடாது என்று அன்றைக்கு எச்சரித்துத்தான் அனுப்பினார்கள்.

நான் மாடியிலிருந்து இறங்கும்போதே அவள் இருமுகிற சத்தம் கேட்டது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற என் மகன் பத்து மணிவாக்கில் போன் பண்ணினான். அவன் போனில் எந்த ஊரில் காற்று எப்படி இருக்கிறது என்று நிறம் காட்டுமாம். நம் பக்கம் சிவப்பாகக் கிடக்கிறது, அம்மாவை வெளியே விடாதீர்கள், கதவு ஜன்னலை எல்லாம் சாத்துங்கள் என்றான். நான் தறிக்காரன். கோடையில் காற்று வறண்டால் நூல் பட்பட்டென்று அறும். அதற்காகத் தறிக்கூடத்து ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுத் தரையில் தண்ணீர் தெளிப்போம். அந்தப் பழக்கத்தில், இருந்த பழைய வேட்டிகளையெல்லாம் நனைத்து எல்லா ஜன்னலுக்கும் கட்டினேன். வாசல் கதவின் இடுக்கில்கூடத் துண்டைச் சுருட்டி வைத்தேன். எதிர்வீட்டில் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர் இருக்கிறார். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பார். தெருவில் நின்றுகொண்டு, "என்ன அண்ணாச்சி, வீட்டுக்குக் காய்ச்சலா? நெத்தியில ஈரத்துணி போட்டிருக்கிய" என்றார்.

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே அவளும் சிரித்தாள். சிரிப்பு முடிந்து இருமலாயிற்று.

பகல் எப்படியோ போயிற்று. வீடு இருட்டாக, புழுக்கமாக இருந்தாலும் சாம்பல் உள்ளே வரவில்லை. சாயங்காலம் மலைக்காற்று இறங்க ஆரம்பித்ததும் தெரு முழுக்க எரிந்த புல்லின் வாடை. கண் கரித்தது. எதிர்வீட்டு விளக்கு மஞ்சளாகத் தெரிந்தது. விளக்கு வைக்கிற நேரம். நான் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு பூஜைக்கு உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் சாம்பிராணி போடாமல் ஒருநாள் இருந்தது கிடையாது. அடுப்பில் கொட்டாங்கச்சியைக் கங்காக்கி, தூபக்காலில் போட்டு, அதன்மேல் பொடியைத் தூவுவேன். எங்கள் ஊர்க் கோவில் தெய்வமான கோமதி அம்மாள் படத்துக்குக் காட்டிவிட்டு ஒவ்வொரு அறைக்கும் கொண்டுபோவேன். மூலை முடுக்கில் இருக்கிற கெட்டதெல்லாம் அந்தப் புகையோடு போய்விடும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. பிள்ளைகளுக்குச் சளி பிடித்தாலும் அதுதான், தறி ஓடாமல் மக்கர் பண்ணினாலும் அதுதான். அன்றைக்கு வெளியே அவ்வளவு கெட்ட காற்று இருக்கும்போது ஒரு கை கூடப் போட்டேன். வெண்கடுகும் வேப்பிலையும்கூடச் சேர்த்தேன்.

கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. இரண்டு வீச்சில் வீடே வெள்ளையாகிவிட்டது. அது எனக்கு மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதலில் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். பிறகு இரண்டு கையாலும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். அந்தக் குனிவு எனக்குத் தெரியும். நெஞ்சில் விசில் சத்தம். ஓடிப்போய் மருந்தை எடுத்துக் கொடுத்தேன். இழுத்தாள். இறங்கவில்லை. மறுபடியும் இழுத்தாள். தோள் இரண்டும் மேலே மேலே ஏறின.

மலைப்புகை எங்கேயோ இடுக்கு வழியாக உள்ளே வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சமையலறை ஜன்னலில் ஒரு துணி நழுவிக் கிடந்தது. அதை இழுத்துக் கட்டினேன். திரும்பி வந்து கங்கின்மேல் இன்னொரு பிடி சாம்பிராணியைப் போட்டேன்.

அவள் கையை நீட்டித் தூபக்காலைக் காட்டினாள். பேச வரவில்லை. காட்டிக்கொண்டே இருந்தாள். சாமிக்குக் காட்டிய புகையை முகத்தில் ஒற்றிக்கொள்ளக் கேட்கிறாள் என்று நான் அதை எடுத்துக்கொண்டு போய் அவள் காலடியில் வைத்து, விசிறியால் அவள் பக்கம் வீசினேன்.

அவள் காலால் அதைத் தள்ளிவிட்டாள்.

விளக்குத் திரியைக்கூட வாயால் ஊதி அணைக்காதவள் அவள். பூ கட்டின நார் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அவள் கால் பட்டுத் தூபக்கால் உருண்டு, கங்கு தரையெல்லாம் சிதறியது. அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மலை இல்ல," என்றாள். மூச்சு எடுத்தாள். "இதுதான். இது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கங்கை இரும்பு முறத்தில் அள்ளிப் பின்கட்டில் கொட்டினேன். கதவைத் திறந்துவைத்தால் வெளியே மலைப்புகை, சாத்தினால் உள்ளே என் புகை. எதைச் செய்வது என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன் பாருங்கள், அந்த நிலைமை எதிரிக்கும் வரக்கூடாது.

சத்தம் கேட்டுக் கண்டக்டரும் அவர் வீட்டம்மாவும் ஓடி வந்தார்கள். கண்டக்டர் வீட்டம்மா, கோவில் புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், இப்போதே அடங்கும் என்றது. எங்கள் ஊரில் உடம்புக்கு எது வந்தாலும் முதல் மருந்து அம்மாள் சந்நிதிப் புற்றுமண்தான். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் மூச்சு முட்டுகிறவளுக்குத் தண்ணீர் எப்படி இறங்கும்? மண்ணை எடுத்து அவள் நெற்றியிலும் தொண்டைக்குழியிலும் பூசினேன். கோமதி அம்மா, நீயும் கூட வா என்று சொல்லிக்கொண்டு அவளைத் தூக்கினேன். கண்டக்டர் அதற்குள் ஆட்டோவைக் கூட்டி வந்திருந்தார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

முன்னால் ஒரு லாரி, இரண்டு மூன்று வேன்கள், வரிசையாக பைக்குகள். எல்லாம் உறுமிக்கொண்டு நின்றன. லாரியின் புகைக்குழாய் நேராக எங்கள் ஆட்டோவைப் பார்த்தபடி இருந்தது. நான் ஈரத்துண்டால் அவள் முகத்தை மூடினேன். அது இன்னும் மூச்சை அடைக்கிறது என்று அவள் பிடுங்கி எறிந்தாள். ஆட்டோக்காரர் சின்ன வயசு. ஒரு தடவை திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். லாரிக் கதவைத் தட்டினார். "வண்டிய அமத்துங்க அண்ணாச்சி. உள்ள ஒரு அம்மாக்கு மூச்சு ஓடல." லாரி அணைந்தது. அவர் ஒவ்வொரு வண்டியாகப் போய்ச் சொன்னார். ஒன்றொன்றாக எல்லாம் அடங்கின. ஒருவன் மட்டும், கேட் திறந்தால் முதலில் நான்தான் போகணும் என்று முறுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற பெண்பிள்ளை ஒருத்தி கையை நீட்டி அவன் பைக் சாவியைத் திருகிவிட்டாள்.

அந்தச் சத்தமில்லாத நேரத்தில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ரயில் வந்து போகிறவரை நான் அம்மாள் பெயரைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. கேட் திறந்ததும் லாரிக்காரர் ஓரமாக ஒதுங்கி எங்களுக்குக் கைகாட்டினார்.

ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு மூடி போட்டு மருந்தை ஆவியாக விட்டார்கள். அது வெள்ளையாகப் பொங்கி வருவதைப் பார்த்து, இதுவும் புகைதானே என்று எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் தோள் இறங்கியது. நகத்தில் நிறம் வந்தது. டியூட்டியில் இருந்த டாக்டர் ஒரு இளம் பெண். வீட்டுக்குள் எதையாவது எரிப்பீர்களா என்று கேட்டாள். கொசுவத்தி எங்கள் வீட்டில் கிடையாது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். சாம்பிராணி? அது சாமிக்கு என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. சாமிக்குப் போட்டாலும் அம்மா மூக்கு வழியாகத்தானே போகிறது ஐயா என்று மட்டும் சொன்னாள். ஈர வேட்டி சாம்பலைப் பிடிக்குமாம், புகையைப் பிடிக்காதாம். ஜன்னலைச் சாத்தியது சரி, சாத்திவிட்டு உள்ளே கொளுத்தியதுதான் தப்பு என்றாள். மலை அணைகிறவரை ஒரே அறையில் வையுங்கள், அந்த அறையில் தூசியும் கூடாது, எதுவும் புகையவும் கூடாது என்று திருப்பித் திருப்பிச் சொல்லி அனுப்பினாள். அவள் குரலிலேயே எனக்குத் தெரிந்தது, இன்னும் ஒன்று வந்தால் இப்படித் திரும்ப முடியாது என்று.

அந்த மூடியைக் கழற்றின பிறகு என் மனைவி என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"தெனமும் நீங்க சாம்பிராணி போடும்போது நான் எங்க இருப்பேன்?"

யோசித்தேன். "கொல்லையில துணி எடுத்துக்கிட்டு இருப்ப."

"வெளக்கு வைக்கிற நேரத்துல யாரு துணி எடுப்பா? இன்னைக்கு வெளிய போவ முடியலலா, மாட்டிக்கிட்டேன்."

எத்தனை வருஷமாக என்று கேட்டேன். சொல்லவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சாமி காரியம்லா. அத நிறுத்துங்கன்னு நான் எப்படி வாயெடுத்துச் சொல்ல?" என்றாள். அதற்குள் நர்ஸ் வந்து, பேசாமல் படுங்கம்மா என்று அதட்டிவிட்டுப் போனது.

மறுநாளும் மலை எரிந்தது. அதற்கு மறுநாளும். தீ ஒரு சரிவிலிருந்து அடுத்த சரிவுக்குப் போய்விட்டது என்று சொன்னார்கள். காலையில் கொஞ்சம் வெளுக்கும், சாயங்காலம் காற்று இறங்கினால் ஊரே மூடிக்கொள்ளும். நடு அறையை அவளுக்கு ஒதுக்கினேன். மெத்தை, பழைய துணி, காலண்டர் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். விளக்குமாறு அந்தப் பக்கம் வரக்கூடாது, ஈரத்துணியால் துடைப்பதுதான். தறிக்கூடத்திலிருந்து வந்தால் பின்கட்டிலேயே குளித்து வேட்டி மாற்றிக்கொண்டுதான் அவள் பக்கம் போவேன். சமையலில் மிளகாய் தாளிப்பது நின்றது. "ஆஸ்பத்திரிச் சோறு இத விட நல்லாருந்துச்சு" என்றாள். மருந்துக்கடையில் மூக்கோடு ஒட்டி இறுக்கமாக உட்காருகிற முகமூடி வாங்கி வந்தேன். கக்கூஸுக்குக் கொல்லைப்பக்கம் போகும்போதெல்லாம் அதைப் போட்டுக்கொள்வாள். அவள் மூச்சை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன். காது அங்கேதான் இருக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் வாசல் பக்கமிருந்து புது வாடை. ஓலை எரிகிற வாடை. எட்டிப் பார்த்தால் கண்டக்டர் தன் வீட்டு முன்னால் தென்னை மட்டையையும் சருகையும் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தார். கொசுவுக்காக வாரத்தில் இரண்டு நாள் அப்படிச் செய்வார். அன்று அவசரத்துக்கு ஆட்டோ பிடித்துத் தந்தவர் அவர். அவரிடம் போய் எப்படிச் சொல்வது என்று படியில் நின்று தயங்கினேன். உள்ளே இருமல் ஆரம்பித்தது. இறங்கிப் போய், இந்தக் கொஞ்ச நாளைக்கு இதை நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "மலையே எரிஞ்சுக்கிட்டு கெடக்கு. எங்க வீட்டுச் சருகுதான் ஒங்க கண்ண உறுத்துதாக்கும்? நீங்க வீட்டுக்குள்ள போட்ட சாம்பிராணில வந்த வெனைக்கு நான் என்ன வே பண்ண?"

அண்ணாச்சி என்கிற மரியாதை போய் வெறும் வே ஆகிவிட்டது. தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை ஆகியிருக்கும்.

"நான் போட்டதுதான். இல்லன்னு சொல்லல," என்றேன். "இன்னொரு தடவ அவள அந்த கேட்ல கொண்டு போயி நிறுத்த என்னால முடியாது. அவ்வளவுதான்."

அவர் தீயைப் பார்த்தார். பிறகு ஒரு குச்சியால் எரியாத மட்டைகளைத் தனியாக இழுத்துப் போட்டார். எரிவதன்மேல் மண்ணை அள்ளிப் போட்டு மிதித்தார். தண்ணீர் ஊற்றினால் புகை இன்னும் கிளம்பும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பார்க்காமலே, "போயி மைனியப் பாருங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அதுவரை சாயங்காலம் பூஜைக்கு உட்காராமல் வெறும் கும்பிடோடு தள்ளியிருந்தேன், வெள்ளிக்கிழமையை அப்படித் தள்ள முடியாது. எனக்குக் காலையிலிருந்தே நிலைகொள்ளவில்லை. கோவிலுக்குப் போய் அம்மாள் சந்நிதியில் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணி இல்லாமல் பூஜையை எப்படி முடிப்பது என்பதுதான் மனசில் ஓடியது. கூடத்தில் போட்டுவிட்டு நடு அறையைச் சாத்திவைத்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. தெருவில் போட்டால் என்ன என்றும் வந்தது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் போடு என்று ஒருவர் சொல்வார், போடாதே என்று ஒருவர் சொல்வார். வீட்டில் மூச்சுக்குத் திணறுகிறவள் அவள் ஒருத்திதான். அம்மாளைப் பார்த்து, உனக்கு மூக்கில்லை, அவளுக்கு இருக்கிறது, கோபப்படாதே தாயே என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சொன்ன பிறகு, நான் பேசியது சரிதானா என்று வழியெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மாள் படத்தைக் கூடத்திலிருந்து நடு அறைக்கு எடுத்து வந்தேன். ஒரு ஸ்டூலில் வைத்துப் பிச்சிப்பூச் சரம் சாத்தினேன். சின்ன அகலில் ஒரே ஒரு திரி. சூடம் ஏற்றவில்லை. வெளியே காற்று இறங்கி ஜன்னல் கண்ணாடி பழுப்பாகிவிட்டிருந்தது. விளக்கு ஏற்றுவதா வேண்டாமா என்று அதற்கும் எனக்குப் பயம். ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தேன். பரவாயில்லை என்று கண்ணால் சொன்னாள்.

பூவை எடுத்துப் போட்டு அர்ச்சனை சொன்னேன். எப்போதும் தூபம் எடுக்கிற இடம் வந்தது. கை தன்னால் அந்தப் பக்கம் போய் வெறுமனே நின்றது. என்ன செய்வது என்று தெரியாமல் மணியைக் கையில் எடுத்தேன்.

பின்னால் கட்டில் அசைந்தது. அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். வேண்டாம், உட்கார் என்றேன். கேட்கவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு, அவள் பிறந்த வீட்டில் அம்மாளுக்குப் பாடுகிற பாட்டை மெதுவாக எடுத்தாள். அந்தப் பாட்டு அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுப் பூஜையில் அவள் கடைசிவரை நின்றதில்லையே, எப்படித் தெரியும்.

குரல் உடைந்துதான் வந்தது. இரண்டாவது அடியில் பாதியில் நின்றது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சைக் கேட்டேன். விசில் சத்தம் இருக்கிறதா என்று காது கொடுத்தேன். கொஞ்சம் இருந்தது. மருந்து தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று மனசு சொல்லிக்கொண்டது. மணி கையில் ஆடிச் சத்தம் போட்டுவிடாமல் அதன் நாக்கை விரலால் பிடித்தபடி நின்றேன்.

அவள் ஒரு மூச்சு இழுத்தாள். இன்னொன்று இழுத்தாள். விட்ட இடத்திலிருந்து பாடினாள்.